மாதாவுக்கு அடியில் நான் வைத்த கடிதம்

எங்கள் அன்பியத்துச் சொந்தங்களே, போன வருடம் தவக்காலத்தில், லூர்து அண்ணன் வீட்டில் செபம் முடிந்ததும் நான் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஜாமீனில் வந்த தம்பியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “கேட்டேன், ஆண்டவர் கொடுத்தார்” என்று அழுதேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை இப்போது எழுதிக் கொடுக்கிறேன். என் தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் குழு. என் பெயர் பிலோமினா என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாய் நாட்டில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டில் வீட்டில் இருந்தபடியே பிளவுஸ் தைக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை ஃபெர்ரி ஏறித் தீவுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்குத் தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சேவியர் என் ஒரே தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, எனக்கு இருபது. அவனை வளர்த்ததால்தான் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது பொய். வந்த மாப்பிள்ளைகளில் ஒருவரைக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தம்பியை வளர்த்தேன் என்பது உண்மை. கோயிலில் அவன் பைபிள் வாசகம் வாசிக்கும்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்து பெருமைப்பட்டதும் உண்மை.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு மறுநாள் மதியம் போலீஸில் இருந்து போன் வந்தது. சேவியரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவன் மனைவி ரீத்தா மருத்துவமனையில் இருக்கிறாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஏழு வயது மகள் ஜெனிதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆள் கூப்பிட்டிருக்கிறாள்.

தையல் மெஷினில் கால் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவன் அவளை அடித்தது இது முதல் தடவையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதற்கு முந்தைய வருடம் ரீத்தாவின் உதடு கிழிந்திருந்தது. “பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அண்ணி” என்றாள். “பார்த்து நடக்கக் கூடாதாலா?” என்று சொல்லிவிட்டு நான் மீன் கழுவப் போய்விட்டேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அவனை நான்கு நாள் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அந்த நான்கு நாளும் நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. செபமாலை கையை விட்டு இறங்கவில்லை. “ஆண்டவரே, என் தம்பியை வெளியே கொண்டு வாரும்.” இது ஒன்றுதான் செபம். ரீத்தாவின் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வாயில் வந்தால் கோபமும் கூடவே வந்தது. குடும்ப விஷயத்தைப் போலீஸ் வரைக்கும் கொண்டுபோய்விட்டாளே என்று நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஐந்தாம் நாள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். மனைவியைக் காயப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. அவன் மறுத்தான். ஒருவர் ஜாமீன் நின்றால் விடலாம் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். நான் எழுந்து நின்றேன். என் கையில் இருந்த சேமிப்பு அத்தனையும் அதற்குப் போனது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கோர்ட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், ஒல்லியான மனிதர். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வழக்கு முடியும் வரை சேவியர் என் வீட்டில்தான் தங்க வேண்டும். ரீத்தாவின் ஃபிளாட், அவள் வேலை செய்யும் இடம், ஜெனியின் பள்ளிக்கூடம், எதற்கும் பக்கத்தில் போகக்கூடாது. போனில் பேசக்கூடாது, செய்தி அனுப்பக்கூடாது, வேறு ஆள் மூலமாகவும் தொடர்பு கொள்ளக்கூடாது. அதே நேரத்தில் ரீத்தாவுக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு உத்தரவு ஒன்றும் போட்டார்கள். போலீஸ் விசாரணை நடந்த நாட்களுக்கான இடைக்கால உத்தரவு ஒன்று அவளிடம் ஏற்கெனவே இருந்தது. இது வழக்கு முடியும் வரைக்குமானது. அதை மீறினால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ஜாமீனும் போய்விடும்.

“புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டார் அவர்.

“புரிஞ்சுதுங்க” என்றேன். எனக்குக் கேட்டது ‘விடலாம்’ என்ற ஒரே வார்த்தைதான்.

அடுத்த வாரம்தான் நான் உங்கள் முன்னால் அந்தச் சாட்சியைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த சேவியர் தங்கமான பிள்ளையாக இருந்தான். துருப்பிடித்துக் கிடந்த வாசல் கேட்டைச் சரி செய்தான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவினான். என்னோடு முழங்காலில் நின்று செபமாலை சொன்னான். அவன் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவனைத் தற்காலிகமாக வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போவான், சாயங்காலம் திரும்புவான். அந்த இரண்டு வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மா போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்த காலம் திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் நம் அன்பியத்து மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும் அல்லவா? மரப்பெட்டிக்குள் சின்ன மாதா சிலை, கண்ணாடிக் கதவு, மாதாவின் காலுக்கு அடியில் நீலத் துணி. அந்த வாரம் மாதா என் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை காலையில் சேவியர் ஓர் உறையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஜெனிக்குப் பிறந்தநாள் வருதுக்கா. ரீத்தாக்கிட்ட இந்த லெட்டர் மட்டும் கொடுத்துரு. நான்தானே போகக்கூடாது, நீ போலாம்லா.”

அவன் கண் கலங்கியிருந்தது. என் மனது இளகிவிட்டது. ரீத்தா என் போனை எடுப்பதில்லை, நேரில் போனாலும் கதவைத் திறப்பாளோ மாட்டாளோ. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாதா வாசலில் வந்து நின்றால் நம் ஆட்களில் யார் கதவைச் சாத்துவார்கள்? உறையை மடித்து மாதாவின் காலுக்கு அடியில், நீலத் துணிக்குக் கீழே வைத்தேன். லூர்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவருக்கும் விஷயத்தைச் சொன்னேன்.

“குடும்பம் ஒண்ணு சேர்றதுக்குத்தானேம்மா. மாதாவே கொண்டுபோகட்டும்” என்றார் அவர். பாவம், அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய காரிலேயே பாலத்தைத் தாண்டித் தீவில் இருக்கும் ரீத்தா வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் மாதா பாட்டு வேறு பாடிக்கொண்டு போனேன்.

ஃபிளாட்டில் ஆறாவது மாடி. ரீத்தா மரக்கதவைத் திறந்து, கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த மாதாவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வலது கையால் சிலுவை அடையாளம் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பூட்டைத் திறந்தாள். நான் கணக்குப் போட்டது சரியாகத்தான் நடந்தது.

சுரூபத்தை மேசையில் வைத்து, ரீத்தாவும் லூர்து அண்ணனும் நானும் செபம் சொன்னோம். ஜெனி உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். முடிந்ததும் நான் நீலத் துணியைத் தூக்கி, உறையை எடுத்து நீட்டினேன். ரீத்தா கையை நீட்டவில்லை.

“படிச்சீங்களா அண்ணி?”

“புருஷன் பொண்டாட்டி லெட்டர நான் எதுக்கும்மா படிக்கப் போறேன்?”

“இப்ப படிங்க. எங்களுக்குக் கேக்கற மாதிரி படிங்க.”

படித்தேன். தான் செய்தது தப்பு என்று எழுதியிருந்தான். அவர்கள் இல்லாமல் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தான். தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருந்தான். அதற்குப் பிறகு இப்படி இருந்தது: “நேற்று ஜெனி மஞ்சள் குடையைப் பிடித்துக்கொண்டு வேனில் இருந்து இறங்கினாள். எவ்வளவு வளர்ந்துவிட்டாள். நீ பின்பக்கப் படிக்கட்டில் ஏறினாய். லிஃப்ட் நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் படிக்கட்டு?”

“பாரும்மா, பிள்ளை மேல எவ்வளவு ஏக்கம்” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ரீத்தா சுவரில் சாய்ந்துகொண்டாள். “அண்ணி, அந்தக் குடை நான் வியாழக்கிழமை வாங்கினது. நேத்துத்தான் அவ முதல் தடவை பிடிச்சா.”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. லூர்து அண்ணனுக்கு முதலில் புரிந்துவிட்டது. “நேத்து தம்பி எங்கம்மா போனான்?” என்று என்னைக் கேட்டார்.

“நம்ம ஊர்ப் பக்கம், ஜூருல வேலைக்கு இன்டர்வியூன்னு சொன்னாண்ணே” என்றேன். சொல்லும்போதே என் குரல் தேய்ந்துவிட்டது.

ரீத்தா பைபிளுக்குள் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். உள்ளே அந்த உத்தரவு. இன்னொரு நகல் ஜெனியின் வகுப்பாசிரியரிடம் இருக்கிறது, இன்னொன்று கீழே காவலாளியிடம் இருக்கிறது என்றாள். வேலை செய்யும் இடத்திலும் ஒன்று கொடுத்திருந்தாள்.

“அவர உள்ள போடுன்னு நான் ஒரு நாளும் செபம் பண்ணல அண்ணி. அவர் வெளிய வந்தாலும் எங்களுக்கும் அவருக்கும் நடுவுல ஏதாச்சும் ஒண்ணு நிக்கட்டும்னுதான் கேட்டேன். இந்த சூராட்தான், இந்த உத்தரவுத் தாள்தான் நிக்குது. நீங்க மாதாவத் தூக்கிக்கிட்டு அதத் தாண்டி வந்துட்டீங்க.”

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் அமைதியாகச் சொன்னதால் எனக்குப் போக இடமில்லாமல் போய்விட்டது.

அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அதே நாள் அதில் இருந்தது. சொந்தங்களே, அன்று ஒரே கூடத்தில் இரண்டு பெண்களின் செபம் கேட்கப்பட்டிருக்கிறது. நான் என் தம்பி வெளியே வர வேண்டும் என்று கேட்டேன். அவள் நடுவில் ஒரு கதவு வேண்டும் என்று கேட்டாள். ஆண்டவர் இருவருக்கும் கொடுத்தார். நான் எனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, அவளுக்கு வந்ததைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்து சாட்சி சொல்லிவிட்டேன்.

“போலீஸுக்குச் சொல்லும்மா” என்றேன்.

“நான் சொல்லத்தான் போறேன். ஆனா ஜாமீன் நின்னது நீங்க. லெட்டரக் கொண்டாந்ததும் நீங்க. நீங்க சொன்னா அதுக்கு வேற பலம் இருக்கு.”

கடிதத்தைப் பையில் வைத்து, சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வரும்போது பாட்டு இல்லை. லூர்து அண்ணன் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மணி ஐந்தரை இருக்கும். சேவியர் சமையலறையில் எனக்காகத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான்.

“கொடுத்தியாக்கா? என்ன சொன்னா?”

“மஞ்சக் குடை உனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

அவன் கையில் இருந்த கரண்டி நின்றது. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடமாக நான் பார்த்திராத முகம் அது. கரண்டியை வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போய்ச் சமையலறைக் கதவடியில் வழியை மறித்து நின்றான், இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு.

“நீ யாருக்கு அக்கா? எனக்கா, அவளுக்கா?”

அவன் என்னைத் தொடவில்லை. ஆனால் நான் சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையைப் பார்த்துப் பயந்து சுவரோரம் ஒதுங்கினேன். ரீத்தா எத்தனை சாயங்காலம் இப்படி நின்றிருப்பாள் என்று அப்போதுதான் நினைத்தேன். வாயைத் திறந்து செபிக்க முடியவில்லை. ‘மாதாவே, வாரும்’ என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

“பிலோமினா! மாதாவக் கார்லயே விட்டுட்டுப் போயிட்டியேம்மா!” லூர்து அண்ணனின் குரல். குழப்பத்தில் சுரூபத்தைப் பின் சீட்டிலேயே மறந்துவிட்டேன். பாதி வழி போனவர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

சேவியர் கதவில் இருந்து கையை எடுத்தான். நான் பையை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே நடந்தேன். செருப்புக்கூடப் போடவில்லை. காரில் ஏறி, மாதாவை மடியில் வைத்துக்கொண்டு, “போலீஸ் ஸ்டேசனுக்குப் போங்கண்ணே” என்றேன். அவர் உடனே காரைத் திருப்பினார்.

அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர் இருந்தார். மலாய்க்காரர், என்னைவிட வயதில் சிறியவர். கடிதத்தை நான் வரிவரியாக மலாயில் சொன்னேன். இதை யார் கொண்டுபோனது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். என்னையும் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று பயந்து, மடியில் இருந்த பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிடித்து வைக்கவில்லை, ஆனால் நன்றாகத் திட்டினார். வேறு ஆள் என்றால் அக்காவும்தான் என்றார். மனைவியே வா என்று கூப்பிட்டாலும் அவன் போகக்கூடாது, கோர்ட் மாற்றினால்தான் மாறும் என்றார். ஜாமீன் நிற்பது ஆளை வெளியே எடுப்பதோடு முடிந்துவிடுமா என்று கேட்டார்.

அன்றைக்கே சேவியரைப் பிடித்தார்கள். கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். குடையைப் பற்றிச் சொன்னேன், கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், நீலத் துணியைப் பற்றியும் சொன்னேன். ஜாமீன் ரத்தானது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டிக்கொண்டு போகும்போது அவன் சட்டையின் பின்காலர் மடிந்திருந்தது. சரி செய்யக் கை போனது, முடியவில்லை. கோர்ட் படியில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். கூடப் பிறந்தவனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். உங்களில் சிலர்கூட என் வீட்டுச் செபத்துக்கு வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை வரை நானும் அப்படித்தானே இருந்தேன். அந்த ஈஸ்டர் திருப்பலிக்குப் போய்விட்டு வந்து தனியாக உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. “ஈஸ்டர் வாழ்த்து அண்ணி. ஜெனி அத்தை எங்கன்னு கேக்கறா.” அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சிறையில் சேவியரைப் பார்க்க ஏழு முறை போனேன். ஏழு முறையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். இடையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டனையும் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் எட்டாவது முறை போனபோது வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்தான். இளைத்திருந்தான்.

“அந்த லெட்டருக்கு அவ என்ன சொல்றான்னு பாக்கத்தான் காத்திருந்தேன்கா” என்றான். “சரின்னு சொல்லலன்னா திங்கக்கிழமை மேல ஏறிப் போறதா இருந்தேன். பின்பக்கப் படிக்கட்டுல. போயிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“நீ போலீஸ்ல சொன்னது நல்லதுக்கா.”

என் செபத்துக்கு உண்மையான பதில் அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. ரீத்தாவும் ஜெனியும் உயிரோடு இருக்கிறார்கள். என் தம்பி கொலைகாரன் ஆகவில்லை. அவனை வெளியே கொண்டு வாரும் என்று கேட்டேன். ஆண்டவர் அவனை உள்ளே வைத்துக் காப்பாற்றினார். இப்போது அவன் அங்கே ஆலோசனை வகுப்புக்குப் போகிறான். மாறிவிட்டான் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அவசரப்பட்டு ஒரு சாட்சி சொல்லி நான் பட்டது போதும்.

சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்காகச் செபியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செபிக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளின் பெயரையும் சொல்லுங்கள். கோர்ட் ஒரு தாள் கொடுத்தால் கடைசி வரி வரை படியுங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். சமாதானம் பண்ணுகிறோம் என்று நாமாக அதைத் தாண்டி யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால் மீன் அப்படியே கிடக்கட்டும், பக்கத்தில் உட்காருங்கள். நம்பிக் கேளுங்கள். நாம் கேட்டபடி வராவிட்டாலும் உதவி வரும். எனக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

இந்தத் தவக்காலத்தில் ரீத்தாவே போன் செய்தாள். மாதாவைத் தன் வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். போன சனிக்கிழமை கொண்டுபோனோம், அதே லூர்து அண்ணன் காரில். ஜெனி கீழேயே மஞ்சள் குடையோடு காத்திருந்தாள், மழையே இல்லை. லிஃப்டில்தான் மேலே போனோம். பெட்டியை மேசையில் வைத்ததும் ரீத்தா கண்ணாடிக் கதவைத் திறந்து, மாதாவை மெதுவாகத் தூக்கி, நீலத் துணியை விரலால் விலக்கிப் பார்த்தாள்.

“இந்தத் தடவ மாதா மட்டும்தானே அண்ணி?”

“மாதா மட்டும்தாம்மா” என்றேன். அவள் சிரித்தாள். நாங்கள் முழங்காலில் நின்றோம். செபமாலையின் முதல் மணியை நான் ரீத்தாவுக்காகச் சொன்னேன். இரண்டாவது மணியை அவள் சேவியருக்காகச் சொன்னாள்.